உஷார்! பச்சைப் பட்டனுக்குக் கீழே பொடி எழுத்தில் என்ன இருக்கிறது?

கையில் போன் இருக்கிறதா? கொஞ்ச நேரம் கீழே வையுங்கள். இதைப் படித்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம்.

பரிசு விழுந்திருக்கிறது என்று வரும் மெசேஜ், பேங்க்கிலிருந்து பேசுகிறேன் என்று ஓடிபி கேட்கும் குரல், இதெல்லாம் இப்போது ஊருக்கே தெரியும். தெரியாத நம்பர் என்றால் எடுப்பதே இல்லை. நல்லது. ஆனால் யாரும் கூப்பிடாமல், யாரும் மிரட்டாமல், உங்கள் விரலாலேயே உங்கள் பணத்தை எடுத்துக் கொடுக்கும்படி ஒரு திரையை அமைத்துவிட முடியும். முறையாகப் பதிவான கம்பெனியின் ஆப்பாகவே அது இருக்கலாம். எந்த எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும், எது கண்ணில் படவே கூடாது, உங்கள் கட்டை விரல் தானாக எங்கே போய் நிற்கும் என்று கணக்குப் போட்டுச் செய்கிறார்கள்.

இன்னொரு வகையும் உண்டு. கெட்ட எண்ணம் யாருக்கும் இருக்காது. அவசரத்தில், அலட்சியத்தில், எதிரே உட்காரப்போவது யார் என்று யோசிக்காமல் செய்த திரை. அதுவும் அதே அளவு அடிக்கும்.

இரண்டையும் அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். தயவுசெய்து!

பேராவூரணியிலிருந்து சேதுபாவாசத்திரம் போகும் பக்கம் ஒரு கிராமம். ஊர்ப் பெயரும் வேண்டாம், அந்த அம்மாவின் பெயரும் வேண்டாம். பிளஸ் டூ படித்தவர். மகளிர் குழுவில் கணக்கு எழுதுகிறவரே அவர்தான். வீட்டுக்காரருக்கு ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்பு. 2018 நவம்பர் 16-ந் தேதி கஜா புயலில் பாதிக்கு மேல் சாய்ந்து, பிறகு வைத்த கன்றுகள் இப்போதுதான் காய்ப்புக்கு வந்திருக்கின்றன. ஒவ்வொரு நூறு ரூபாயும் எண்ணிச் செலவழிக்கிற வீடு.

மகள் பத்தாம் வகுப்பு. கணக்குப் பாடம் தகராறு. ‘ஏழு நாள் வெறும் ஒரு ரூபாய்’ என்று ஒரு படிப்பு ஆப் விளம்பரம் வந்தது. இறக்கினார்.

அந்தத் திரையை நானே பார்த்தேன். மேல் பாதி முழுக்கச் சிரிக்கிற பிள்ளைகள் படம். அதற்குக் கீழே திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு பச்சைப் பட்டன்: ‘₹1 கட்டித் தொடங்கு’. நல்ல தமிழில்! அதற்கும் கீழே, வெள்ளைத் திரையில் வெளிர் சாம்பல் நிறத்தில், ஆங்கிலத்தில் இரண்டு வரி. ஏழு நாள் முடிந்ததும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 1,499 ரூபாய் தானாகக் கழியும், நீங்கள் நிறுத்தும்வரை கழிந்துகொண்டே இருக்கும் என்பதுதான் அந்த இரண்டு வரி. வேண்டாம் என்று வெளியே வர ஒரு பெருக்கல் குறி வேண்டுமே? இருந்தது. வலது மூலையில், கடுகளவு. அதுவும் திரை திறந்து சில வினாடி கழித்துத்தான் முளைத்தது. பக்கத்தில் ஒரு கடிகாரம் 09:58, 09:57 என்று இறங்கிக்கொண்டிருந்தது. சலுகை முடியப்போகிறதாம்! மூடிவிட்டு மறுபடி திறந்தேன். மறுபடியும் பத்து நிமிடத்திலிருந்தே இறங்க ஆரம்பித்தது.

அவர் அழுத்தினார். யுபிஐ பின் கேட்டது. ஒரு ரூபாய்க்குத்தானே என்று போட்டார்.

அந்தப் பின் ஒரு ரூபாயோடு நிற்கவில்லை. ‘ஆட்டோபே’ என்று ஒன்று இருக்கிறது. 2020-ல் யுபிஐயில் வந்தது. ஒரு தடவை பின் போட்டு ஒப்புக்கொண்டால், 15,000 ரூபாய் வரையிலான கழிவுக்கு அடுத்த தடவை உங்களைக் கேட்கவே வேண்டாம். கழிப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் சொல்ல வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. தகவல் வந்தது. ஆங்கிலத்தில் வந்தது. ரீசார்ஜ் விளம்பரம், நகைக்கடன் விளம்பரம் என்று குவிந்து கிடக்கும் மெசேஜ்களுக்கு நடுவே வந்தது.

எட்டாம் நாள் 1,499 ரூபாய் போய்விட்டது. குழுத் தவணைக்காகக் கணக்கில் போட்டு வைத்திருந்த பணம் அது. தவணை நின்றது. குழுவில் ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள்தானே சேர்ந்து போட வேண்டும்? போட்டார்கள். “கணக்கு எழுதுறவளே கட்டலைன்னா எப்படி?” என்று ஒருத்தி கேட்டதை அந்த அம்மாவால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. கோபத்தில் ஆப்பை போனிலிருந்து நீக்கினார். தொல்லை விட்டது என்று நினைத்தார்.

மூன்று மாதம் கழித்து இன்னொரு 1,499.

ஆப்பை நீக்கினால் ஆட்டோபே நிற்காது! இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆப் போய்விடும். நீங்கள் வங்கிக்குக் கொடுத்த அனுமதி அப்படியே உட்கார்ந்திருக்கும். பணம் அனுப்பப் பயன்படுத்தும் யுபிஐ ஆப்பைத் திறந்து, அதில் ‘ஆட்டோபே’ பகுதிக்குப் போய், அங்கே நிறுத்த வேண்டும்.

“படிச்சவ நான், ஏமாந்துட்டேனே அக்கா” என்று அழுதார். அவரிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன். தப்பு உங்கள் மேல் இல்லை. அந்தத் திரையின் மேல்.

ஆறுதலுக்குச் சொல்கிற வார்த்தை என்று நினைக்காதீர்கள். இரண்டாம் உலகப் போரில் பி-17 என்ற அமெரிக்க குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, ஓடுபாதையிலேயே வயிறு தட்டிப் படுத்தன. விமானி இறக்கையின் மடிப்பை மடக்க நினைத்து, சக்கரத்தை மடக்கிவிட்டார். ஒருவர் இருவர் என்றால் கவனக்குறைவு எனலாம். பலரும் அதையே செய்தார்கள். அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியல் அறிஞர் 1943-ல் விமானியைக் குடைவதை விட்டுவிட்டு, விமானி உட்காரும் இடத்தில் போய்ப் பார்த்தார். இரண்டு விசையும் அச்சு அசல் ஒரே மாதிரி, பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. சக்கர விசையின் நுனியில் சின்ன ரப்பர் சக்கரம் ஒன்றையும், இறக்கை விசையின் நுனியில் ஆப்பு வடிவத் துண்டு ஒன்றையும் ஒட்டச் செய்தார். இருட்டில் தடவினாலே எது எது என்று தெரிந்தது. குழப்பம் தீர்ந்தது. பயிற்சி பெற்ற விமானியையே தப்புச் செய்ய வைக்கும் அமைப்பு, உங்களையும் என்னையும் விட்டுவைக்குமா?

டான் நார்மன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1988-ல் அன்றாடப் பொருள்களின் வடிவமைப்பைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். ஒரு பொருளைக் கையாளத் தெரியாமல் ஜனங்கள் திணறினால், குறையை ஜனங்களிடம் தேடாதே, பொருளில் தேடு என்பது அவர் வாதம். கம்ப்யூட்டர் திரைக்கும் அதேதான்.

பெரிய பெரிய வங்கியே விழுந்திருக்கிறது. 2020 ஆகஸ்ட் 11. அமெரிக்காவின் சிட்டி பேங்க், ரெவ்லான் என்கிற அழகுசாதனக் கம்பெனிக்குக் கடன் கொடுத்திருந்தவர்களுக்கு வட்டி அனுப்ப வேண்டியிருந்தது. வட்டி சுமார் 78 லட்சம் டாலர். போனது கிட்டத்தட்ட 90 கோடி டாலர்! அசலும் சேர்ந்து போய்விட்டது. ஒருவர் பதிந்து, ஒருவர் சரிபார்த்து, மூன்றாமவர் அனுமதி கொடுத்த பரிவர்த்தனை. முதல் இருவர் இந்தியாவில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள், நம் பிள்ளைகள் மாதிரி. அசல் வெளியே போகாமல் நிறுத்த அந்தத் திரையில் மூன்று கட்டங்களை நிரப்ப வேண்டும். ‘அசல்’ என்று எழுதியிருந்த ஒன்றை நிரப்பினால் போதும் என்று மூன்று பேருமே நம்பினார்கள். நம்பாமல் எப்படி? எழுதியிருப்பதே அப்படித்தானே!

கடைசி நேரத்தில் ஒரு எச்சரிக்கையும் வந்தது. பணம் வங்கியை விட்டு வெளியே போகும், தொடரலாமா என்று கேட்டது. எவ்வளவு பணம் என்று சொல்லவில்லை. ‘ஆம்’ அழுத்தப்பட்டது. சுமார் 50 கோடி டாலரை வாங்கியவர்கள் திருப்பித் தர மறுத்தார்கள். 2021-ல் கோர்ட்டும் வங்கிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. 2022 செப்டம்பரில் மேல்முறையீட்டில்தான் அது மாறியது. வக்கீல் வைத்துக்கொள்ள அவர்களால் முடிந்தது. உங்கள் 1,499 ரூபாய்க்கு யார் வருவார்?

சரி, எதைப் பார்த்தால் விரலை எடுத்துவிட வேண்டும்?

‘வேண்டாம்’ என்பதைத் தேட வேண்டியிருக்கிறதா? நிறுத்துங்கள்!

இதுதான் முதல் அபாயக் குறி. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. நேர்மையான திரையில் ‘சரி’ எவ்வளவு தெளிவாக இருக்கிறதோ, ‘வேண்டாம்’ என்பதும் அவ்வளவு தெளிவாக இருக்கும். ஒன்று பட்டன் மாதிரியும் இன்னொன்று தூசி மாதிரியும் தெரிந்தால், அந்தத் தூசியில்தான் உங்கள் நன்மை ஒளிந்திருக்கிறது.

நீங்கள் போடாத டிக் அங்கே இருக்கிறதா?

டிக்கெட் எடுக்கும்போது காப்பீடு, சாமான் வாங்கும்போது நன்கொடை, ரீசார்ஜ் செய்யும்போது ஏதோ ஒரு பாட்டுச் சந்தா. யாரோ உங்களுக்காக முன்கூட்டியே டிக் போட்டு வைத்திருப்பார்கள். பத்து ரூபாய், இருபது ரூபாய் என்பதால் கண்டுகொள்ளாமல் விடுகிறோம். கட்டுவதற்கு முன்னால் மொத்தத் தொகையை வாய்விட்டுப் படியுங்கள். முதலில் சொன்னதும் கடைசியில் நிற்பதும் ஒன்றா என்று பாருங்கள்.

உங்களைக் கூச வைக்கிறதா? ‘வேண்டாம், என் குடும்பத்தின் பாதுகாப்பு எனக்கு முக்கியமில்லை’ என்று ஒரு பட்டனில் எழுதி வைப்பார்கள். பெற்ற வயிறு பதறத்தானே செய்யும்? அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். அழுத்துங்கள் அந்த ‘வேண்டாம்’ பட்டனை. ஒன்றும் ஆகாது.

இவையெல்லாம் இப்போது சட்டத்துக்கு எதிரானவை. எத்தனை பேருக்குத் தெரியும்? மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ந் தேதி வழிகாட்டு விதிகள் வெளியிட்டது. இப்படிப்பட்ட ஏமாற்றுத் திரை உத்திகள் 13 வகை என்று பட்டியல் போட்டிருக்கிறது. போலி அவசரம், கூடையில் சொல்லாமல் பொருள் சேர்ப்பது, கூச வைப்பது, சந்தாப் பொறி, எல்லாம் அதில் இருக்கின்றன. அந்த அம்மா பார்த்த ஒரே திரையில் அந்தப் பட்டியலில் உள்ள பல உத்திகள் ஒன்றாக இருந்தன.

ஆசை தமிழில், நிபந்தனை ஆங்கிலத்தில்!

இதைத் தனியாகவே சொல்ல வேண்டும். விளம்பரம் தமிழ், பட்டன் தமிழ், சிரிக்கிற பொம்மைகூடத் தமிழ் பேசும். பணம் எப்போது கழியும், எப்படி நிறுத்துவது என்ற இடம் வந்ததும் ஆங்கிலத்துக்கு ஓடிவிடும். தமிழ் எழுதத் தெரியாதவர்களா அவர்கள்? ஒரு திரை பாதியில் மொழி மாறினால், அங்கே நில்லுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். வெட்கப்படாதீர்கள்.

அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லையா? மறுபடி அழுத்தாதீர்கள்!

கடைமடைக்குத் தண்ணீர் வருகிற மாதிரிதான் நம் பக்கத்துக் கிராமங்களில் சிக்னலும். வந்தால் வரும். கரண்ட் பில் கட்டுகிறீர்கள், அழுத்தியாயிற்று, திரை அப்படியே நிற்கிறது. போயிற்றா, போகவில்லையா? இன்னொரு தடவை அழுத்துகிறீர்கள். இரண்டு தடவை கழிகிறது. ஜேக்கப் நீல்சன் என்பவர் திரை வடிவமைப்புக்கு 1994-ல் பத்து விதிகளைத் தொகுத்தார். அதில் முதல் விதியே இதுதான்: இப்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதைத் திரை எப்போதும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பத்து வினாடிக்கு மேல் பதில் இல்லாவிட்டால் மனிதனின் கவனம் அங்கே நிற்காது, வேறு எதையாவது செய்யத்தான் பார்ப்பான் என்றும் அவர் எழுதியிருக்கிறார். ஊமையாக நிற்கிற திரையை நம்பாதீர்கள். வங்கி மெசேஜ் வந்ததா, கணக்கில் இருப்பு குறைந்ததா என்று பார்த்த பிறகுதான் அடுத்த அழுத்தல்.

பச்சை டிக் வந்தால் மட்டும் நம்பலாமா? அதிலும் உஷார். 1979 மார்ச் 28-ந் தேதி அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணு மின் நிலையத்தில் ஒரு வால்வு மூடாமல் திறந்தே மாட்டிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் இருந்த விளக்கைப் பார்த்தவர்கள் மூடிவிட்டது என்று நினைத்தார்கள். அந்த விளக்கு காட்டியது ‘மூடு’ என்ற உத்தரவு போனதை. வால்வு நிஜமாகவே மூடியதா என்பதை நேரடியாகக் காட்ட அங்கே எதுவும் இல்லை. குளிர்விக்கும் நீர் மணிக்கணக்கில் வெளியேறி, உலையின் மையப் பகுதி பாதியளவு உருகிப்போனது.

அதையே பேராவூரணி கடைவீதிக்குக் கொண்டுவாருங்கள். வாடிக்கையாளர் போனை நீட்டிக் காட்டுகிற பச்சை டிக், அவர் பக்கத்துச் சமாசாரம். அது போலி ஆப்பாகவும் இருக்கலாம், நேற்று எடுத்த படமாகவும் இருக்கலாம். உங்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னப் பெட்டி ரூபாயைச் சொல்லிக் கத்துகிறதே, அதுதான் உங்கள் கணக்குக்குப் பணம் வந்ததைச் சொல்வது. அந்தக் குரல் கேட்காமல் சரக்கைக் கொடுக்காதீர்கள்.

பணம் வாங்க பின் தேவையில்லை!

எத்தனை தடவை சொன்னாலும் போதாது. பணம் வருகிறது என்று சொல்லிப் பின் கேட்டால், பணம் உங்களிடமிருந்து போகப்போகிறது என்று அர்த்தம். ஒருவர் இன்னொருவரிடம் பணம் கேட்டு யுபிஐயில் கோரிக்கை அனுப்பும் வசதியையே 2025 அக்டோபர் 1 முதல் யுபிஐயை நடத்தும் என்பிசிஐ நிறுத்திவிட்டது. பணம் வருகிறது என்று நம்பி, கோரிக்கைத் திரையில் பின் போட்டுப் பறிகொடுத்தவர்கள் அவ்வளவு பேர். கொடுப்பதும் வாங்குவதும் ஒரே மாதிரி தெரிகிற திரை எவ்வளவு ஆபத்து என்று பாருங்கள், ஒரு வசதியையே தூக்கிப் போட வேண்டியதாகிவிட்டது.

திரையில் வெறும் எண் மட்டும் வருகிறதா? ‘பிழை 54’ என்கிற மாதிரி? இது போனோடு நிற்காது. 1985-லிருந்து 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் தெராக்-25 என்ற கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரம் ஆறு புற்றுநோயாளிகளுக்கு அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சைப் பாய்ச்சியது. உயிர்களும் போயின. மென்பொருளில் கோளாறு இருந்தது. அதைத் திரை எப்படிச் சொன்னது தெரியுமா? ‘கோளாறு 54’. அவ்வளவுதான். அது ஆபத்தா, அற்ப விஷயமா என்று ஒரு வார்த்தை இல்லை. ஒரு எழுத்தை அழுத்தினால் இயந்திரம் மறுபடி ஓடும். அடிக்கடி இப்படி ஏதாவது எண் வந்து பழகிப்போனதால், ஊழியர்கள் அழுத்திவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். நம் ஊர் லேப்பில், கிளினிக்கில், வங்கியில் ஒரு திரை புரியாத எண்ணைக் காட்ட, எதிரே இருப்பவர் ‘இது எப்பவும் வரும்’ என்று அழுத்திவிட்டுப் போனால், “என்னங்க அது?” என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

இனி, திரை செய்யச் சொல்லிப் பணம் கொடுக்கிறவர்களுக்கு. ஆமாம், உங்களைத்தான் சொல்கிறேன். மண்டிக்காரர், நகைக்கடைக்காரர், பள்ளித் தாளாளர், ஆஸ்பத்திரி நடத்துகிறவர். இன்றைக்கு உங்கள் எல்லோரிடமும் ஒரு பில் போடும் மென்பொருள் இருக்கிறது.

நம் பக்கத்துத் தேங்காய் மண்டி ஒன்றில் நடந்தது. சீசன் நேரம், லோடு மேல் லோடு. பில் போடும் பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். ‘சேமி’ என்ற பட்டனுக்கு ஒட்டினாற்போல், அதே நிறத்தில், அதே அளவில் ‘நாள் கணக்கை அழி’ என்று ஒரு பட்டன். அவசரத்தில் கை அதில் பட்டுவிட்டது. உடனே ஒரு சின்னப் பெட்டி வந்தது. ‘ரத்து செய்யவா?’ என்று கேட்டது. கீழே இரண்டு பட்டன்: ‘சரி’, ‘ரத்து’.

என்ன செய்வாள்? தெரியாமல் தொட்டதை ரத்து செய்யத்தானே வேண்டும்? ‘சரி’ என்று அழுத்தினாள். அன்றைக்கு யார் யார் எத்தனை காய் போட்டார்கள் என்ற கணக்கு மொத்தமும் போய்விட்டது. திரும்ப எடுக்க வழி இல்லை. நகல் இல்லை. விவசாயி ஒரு எண் சொல்ல, மண்டி ஒரு எண் சொல்ல, இரவு பத்து மணி வரை தகராறு. நஷ்டத்தில் ஒரு பங்கு அந்தப் பெண்ணின் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. அடுத்த வாரம் அவள் வேலைக்கு வரவில்லை.

மென்பொருள் செய்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்தப் பெட்டியில் ‘இன்றைய எல்லா பில்லும் அழிந்துவிடும்’ என்று எழுதி, பட்டன்களில் ‘அழி’, ‘அழிக்காதே’ என்று போட்டிருந்தால் போதும். அழிக்கும் பட்டனை ஒதுக்கி, வேறு நிறத்தில் வைத்திருந்தால் போதும். அழித்ததை மீட்க ஒரு வழி வைத்திருந்தால், இது எதுவுமே நடந்திருக்காது. திரையில் செய்த எதையும் திரும்ப எடுக்க முடிய வேண்டும். முடியாத காரியம் என்றால், என்ன நடக்கப்போகிறது, எவ்வளவு போகும் என்று முழுசாகச் சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும். 90 கோடி டாலர் போன இடத்திலும், மண்டிக் கணக்கு போன இடத்திலும் இல்லாதது இந்த ஒன்றுதான்.

மென்பொருள் வாங்கும்போது விலையை மட்டும் பேரம் பேசுகிறீர்கள். தப்பாக அழுத்தினால் என்ன ஆகும் என்று கேட்டீர்களா? பணம் கொடுப்பதற்கு முன்னால், உங்கள் கண் முன்னாலேயே வேண்டுமென்றே ஒரு பில்லைத் தப்பாகப் போடுங்கள். தப்பான இடத்தைத் தொடுங்கள். நடுவில் கரண்ட்டை நிறுத்திப் பாருங்கள். அது எப்படி மீள்கிறது என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

நல்ல திரை என்றால் எப்படி இருக்கும் என்று கேட்பீர்கள். ஓட்டுப் போடுகிற இயந்திரத்தை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு வேட்பாளருக்கும் நேராக ஒரு நீலப் பட்டன். படிக்கத் தெரியாதவருக்குச் சின்னம். அழுத்தினதும் சிவப்பு விளக்கு எரிகிறது, ‘பீப்’ என்று நீளமாகச் சத்தம் வருகிறது. பக்கத்துப் பெட்டியில் நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்ற சீட்டு ஏழு வினாடி கண்ணாடிக்குள் நிற்கிறது. யாருக்கும் வேண்டாம் என்றால், அந்த ‘நோட்டா’வுக்கும் மற்றவர்களுக்கு உள்ளது போலவே அதே அளவில், அதே நீலத்தில் ஒரு பட்டன். வரிசையில் நிற்கிற எண்பது வயது அப்பத்தா யாரும் சொல்லித் தராமல் போட்டுவிட்டு வருகிறார். அந்த மரியாதையை ஒரு ரூபாய் ஆப்பிடமும் எதிர்பார்க்க நமக்கு உரிமை உண்டு.

கம்ப்யூட்டர் படிக்கிற, ஆப் செய்கிற பிள்ளைகளே, உங்களிடமும் ஒரு வார்த்தை. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் உட்கார்ந்து இந்தத் திரைகளைச் செய்வதில் நம் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர். பட்டன் ஒன்பது மில்லிமீட்டராவது இருக்கட்டும். தேங்காய் உரித்துக் காய்த்த விரல் அதைத் தொட வேண்டும். சாம்பல் எழுத்தை வெள்ளையில் போடாதீர்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்று உலக அளவிலான வழிகாட்டி இருக்கிறது, தோப்பு வெயிலில் நின்று பார்க்கிறவருக்கு அதுவே போதாது. சிவப்பு, பச்சை நிறத்தை மட்டும் நம்பி எதையும் சொல்லாதீர்கள். அந்த இரண்டும் பிரித்துத் தெரியாத கண்கள் உண்டு. செய்து முடித்ததும் ஐந்து பேரிடம் கொடுத்து, வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பெரும்பாலான குறைகள் வெளியே வர ஐந்து பேர் போதும் என்று 2000-ல் நீல்சன் எழுதினார். அந்த ஐவரில் ஒருவர் உங்கள் அம்மாவாக இருக்கட்டும்.

அந்த வெளிர் எழுத்தை, அந்தக் கடுகளவு பெருக்கல் குறியை வைக்கச் சொல்லி மேலதிகாரி சொன்னால், 2023-ம் வருட விதியை எடுத்துக் காட்டுங்கள். முடியாது என்று சொல்லுங்கள்.

இப்போது போனை எடுங்கள். யுபிஐ ஆப்பைத் திறந்து ‘ஆட்டோபே’ பகுதியில் என்னென்ன ஓடிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். தெரியாத பெயர் இருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள். அப்பா, அம்மா போனையும் வாங்கிப் பாருங்கள். சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கிற பிள்ளைகள் இன்று ராத்திரி வீடியோ காலில் அவர்களை உட்கார வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். திரை ஏமாற்றியிருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லலாம். அழுத்துவதற்கு முன்னால் அந்தத் திரையைப் படம் பிடித்து வைத்திருந்தால் புகாருக்கு அதுவே சாட்சி. மோசடியில் பணம் போயிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930. இரண்டு எண்ணையும் அடுப்படிச் சுவரில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி, பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.